கோஸ் பூக்கும் நாளில் முகூர்த்தம்

நீலகிரி மலையில் ஒரு சோலைக்காடும் ஒரு காய்கறித் தோட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில், சிலும்பன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தான். நல்ல பையன். வேலிக்கு அடியில் நுழைந்து கேரட்டைத் தின்றுவிட்டு வருவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அதையும் அவன் கெட்ட பழக்கமாக நினைக்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மருக்கொழுந்து என்று ஒருத்தி இருந்தாள். சிலும்பனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா ஊசிமுத்துவுக்கு மட்டும் இந்த உலகத்தில் யாரையும் அவ்வளவு எளிதில் பிடிக்காது. அவருக்கு உடம்பெல்லாம் முள், முள்ளுக்கு முள் கௌரவம்.

அந்த மலை முள்ளம்பன்றிகள் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தன. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். வளை வாசலில் இருக்கும் செடிகளில் ஒன்றைக் கைகாட்டுவார். அந்தச் செடி என்றைக்குப் பூக்கிறதோ அன்றைக்குக் கல்யாணம். அதுவரை மாப்பிள்ளை அந்தச் செடியில் வாய் வைக்கக் கூடாது. கோடைமழையின் முதல் துளி விழுவதற்குள் செடி பூக்காவிட்டால் பேச்சு முறிந்தது. அதன்பிறகு அந்த இரண்டு வீட்டாரும் சம்பந்தம் பேசவே கூடாது.

கேட்பதற்குக் கடுமையாகத் தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் விவரமானவர்கள். நாளைக்கோ மறுநாளோ மலரப்போகிற மொட்டாகப் பார்த்துத்தான் கைகாட்டுவார்கள். உண்ணிச்செடி முளைத்த வாசலில் மட்டும் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அது வருஷம் முழுக்கப் பூக்கிற செடி. தினமும் முகூர்த்தம் இருக்கிற வீட்டுக்கு என்ன மரியாதை இருக்கும்?

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம், ஊசிமுத்து செடி பார்க்க வந்தார். சிலும்பன் முந்தின நாளே வாசலைக் கூட்டி, ஒரு காட்டுச் சாமந்தியை மண் அணைத்து நிறுத்தியிருந்தான். அதில் மூன்று மொட்டுகள் வெடிக்கிற நிலையில் இருந்தன. ஊசிமுத்து அதை முகர்ந்து பார்த்தார். "சின்னது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாமந்திக்குப் பின்னால் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. தோட்டக்காரர் நாற்று நட்டபோது ஒன்று கைதவறி வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து, தானாக வேர்பிடித்து வளர்ந்திருந்தது. தோட்டத்தில் இருந்ததையெல்லாம் வெட்டி மூட்டை கட்டி லாரியில் ஏற்றியாயிற்று. இது மட்டும் தப்பியது. சிலும்பன் அதைத் தீபாவளி மாதிரி ஒரு நல்ல நாளில் தின்னலாம் என்று வைத்திருந்தான்.

ஊசிமுத்து அதன் முன்னால் நின்றார். ஒருமுறை சுற்றி வந்தார். மறுபடியும் நின்றார்.

"மாப்பிள்ளை, இது என்ன?"

"கோஸுங்க மாமா."

"பேரை விடு. இது மொட்டுதானே?"

சிலும்பன் திருதிருவென்று விழித்தான். அவன் பிறந்ததிலிருந்து எத்தனையோ கோஸைத் தின்றிருக்கிறான். ஒன்றுகூடப் பூத்து அவன் பார்த்ததில்லை. அவன் என்ன, அந்த மலையில் யாருமே பார்த்ததில்லை. உருண்டு திரண்டதும் மனிதர்கள் வெட்டிவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியதை முள்ளம்பன்றிகள் தீர்த்துவிடும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கோஸ் எந்தக் காலத்தில் பூப்பது?

ஊசிமுத்து பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இதழ்மேல் இதழாக இப்படி இறுகிக்கிடப்பது மொட்டு இல்லாமல் வேறு என்னவாக இருக்கும் என்று அவரே கேட்டு, அவரே ஒப்புக்கொண்டார். பிறகு கணக்குப் போட்டார். பட்டாணி அளவு சாமந்தி மொட்டு ஒரு உள்ளங்கைப் பூவாக விரிகிறது. அப்படியானால் பூசணிக்காய் அளவு மொட்டு விரிந்தால் அதில் ஒரு குடும்பமே உட்காரலாம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இந்த மலையில் எவன் மகளுக்கும் இப்படி ஒரு முகூர்த்தம் வாய்ச்சதில்லை. இதுதான் செடி" என்று கைகாட்டிவிட்டார்.

கைகாட்டினால் காட்டினதுதான். மாற்ற முடியாது. மறுநாள் காலையில் சாமந்தி மூன்று பூவாகப் பூத்து நின்றது. சிலும்பன் அதைப் பார்த்து அழுதான்.

ஊசிமுத்து சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பந்தி பூவுக்குள்ளேயே நடக்கும், இதழுக்கு நாலு பேராக உட்காரலாம், கூட்டம் அதிகமானால் மகரந்தம் இருக்கும் இடத்திலும் இடம் ஒதுக்கப்படும் என்று விவரமாகவே சொன்னார். அத்தனை பேரும் நம்பினார்கள். சாப்பாட்டு விஷயத்தில் சந்தேகப்படுகிற பழக்கம் அவர்கள் பரம்பரையில் இல்லை.

கார்த்திகை வந்தது. கோஸ் அப்படியே இருந்தது. சிலும்பன் வாலாயுதம் என்ற கருமந்தியைப் போய்ப் பார்த்தான். வாலாயுதம் தன்னைப் பூ வைத்தியர் என்று சொல்லிக்கொள்வார். பூக்கிற காலத்தில் பூத்த செடிகளை எல்லாம் தான் பூக்கவைத்ததாகச் சொல்லுவார். மறுத்துப் பேசுகிற வழக்கம் செடிகளுக்கு இல்லாததால் அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

அவர் வந்து கோஸுக்கு நாடி பார்த்தார். கருமந்திகள் நாடி பார்ப்பது நாக்கில். வெளி இலை ஒன்றைக் கிழித்து, மென்று, விழுங்கி, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஒன்று போதவில்லை என்று இன்னொன்றும் பார்த்தார்.

மொட்டு கூச்சப்படுகிறது, சிரித்தால் திறந்துவிடும் என்றார். சிலும்பன் எட்டு நாள் அதற்கு வேடிக்கைக் கதைகள் சொன்னான். எட்டாம் நாள் அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அடுத்து, மொட்டுக்கு ரோஷம் இல்லை, மற்ற பூக்களைக் காட்டி மானத்தை வாங்கு என்றார். சிலும்பன் காடெல்லாம் அலைந்து பூ பறித்து வந்து அதன் முகத்துக்கு நேரே நீட்டினான். முகம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் நாலு பக்கமும் நீட்டினான். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் வாலாயுதம் வந்து நாடி பார்த்தார். நாளுக்கு நாள் அவர் சதைபோட்டார், கோஸ் இளைத்தது.

மார்கழியில் குளிர் கடித்தது. விடிந்தால் புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைபனி. வாலாயுதம் கடைசியாகப் பெரிய வைத்தியத்தைச் சொன்னார். குளிரில் யாருக்காவது வாய் திறக்கத் தோன்றுமா, மொட்டுக்கும் அப்படித்தான், அதனால் பொத்திப் பொத்தி வை என்றார்.

இது சிலும்பனுக்கு நியாயமாகப் பட்டது. அவன் காய்ந்த புல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கோஸின் மேல் போர்த்தினான். இலைச்சருகால் மெத்தை போட்டான். காட்டுமாடு ஒன்றின் கையைக் காலைப் பிடித்து, வழியில் போகும்போதெல்லாம் அதன்மேல் சூடாக மூச்சு விட்டுப் போகச் சொன்னான். பனி விழும் நேரத்தில் தானும் போர்வைக்குள் புகுந்து, முள் குத்தாதபடி வயிற்றுப் பக்கமாகக் கோஸை அணைத்துக்கொண்டு படுத்தான்.

அவன் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு உலகத்திலேயே பிடித்த தீனி கோஸ். மூக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம். எச்சில் ஒழுகி மெத்தையே நனைந்தது. ஆனாலும் ஒரு கடி கடிக்கவில்லை. மருக்கொழுந்துவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் ஒன்று. இரண்டு மாதமாக வேறு யாரோடும் பழகாமல் கோஸோடு மட்டுமே இருந்ததில், அவன் அதனிடம் பேசப் பழகிவிட்டான். முதலில் "பூத்துடு" என்றான். பிறகு "பூத்துடும்மா" என்றான். பிறகு "கண்ணு" என்றான்.

தை பிறந்த நாலாம் நாள் மருக்கொழுந்து வந்தாள். பேச்சு முடிந்த பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு முறை உண்டு. வாசலில் நிற்காமல் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். புல் போருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"செல்லம், குளிருதா? இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்துக்க. உன்னை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

மருக்கொழுந்துவின் முட்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

"வெளிய வா" என்றாள்.

சிலும்பன் தலையில் சருகோடு வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் முகம் மலரவில்லை.

"என்னை ஒரு நாளாவது செல்லம்னு கூப்பிட்டிருக்கியா?"

"உனக்காகத்தான் இதெல்லாம்..."

"எனக்காக அதைக் கட்டிப்பிடிச்சிட்டுப் படுத்திருக்கியா? நீ கட்டிக்கப்போறது என்னையா, அந்தக் கோஸையா?"

சிலும்பன் வைத்தியத்தை விளக்கினான். வாய் திறப்பது, குளிர், கூச்சம், ரோஷம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது சரியாகப் படவில்லை. மருக்கொழுந்து போய்ப் புல்லைக் கால்களால் வாரி வீசத் தொடங்கினாள். மெத்தையை உருவினாள். கடைசிச் சருகையும் ஊதித் தள்ளினாள். மொட்டையாக, வெளிறிய பச்சையில் கோஸ் வெட்டவெளியில் நின்றது.

"இனி இதுமேல ஒரு துரும்பு போட்டே, எங்கப்பா முறிக்கவேண்டாம், நானே முறிச்சிடுவேன்" என்றாள்.

"குளிர்ல செத்துடும் மருக்கொழுந்து."

"சாகட்டும்."

அவள் போய்விட்டாள். அன்றைக்குப் பனி முன்னெப்போதையும்விடக் கனமாக விழுந்தது. சிலும்பன் வளைக்குள்ளிருந்து கோஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூடினால் அவள் போய்விடுவாள். மூடாவிட்டால் கோஸ் செத்துவிடும், அப்போதும் அவள் போய்விடுவாள். இரண்டு பக்கமும் நஷ்டமாக இருந்ததால், பேசாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவனால் முடிந்தது.

நாள்கள் போயின. வெளி இலைகள் பனியில் கருகித் தொங்கின. கோஸின் பச்சை மங்கியது. வாலாயுதம் நாடி பார்க்க வந்து, கருகின இலையை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, இது என் கையை மீறிப்போய்விட்டது என்று சொல்லி வருவதையே நிறுத்திக்கொண்டார். மாசியில் ஊசிமுத்து வந்து பார்த்தார். முதல் துளி விழும்வரை முறைப்படி காத்திருப்பதாகவும், அடுத்த மலையில் வேறு பையன்கள் இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. ஒரு காலையில் சிலும்பன் கண்விழித்தபோது கோஸின் உச்சந்தலையில் ஒரு பிளவு. குறுக்கே வெடித்து இரண்டாகப் பிளந்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுதுமுடித்து மறுபடி பார்த்தபோது, பிளவுக்குள்ளே விரல் பருமனில் ஒரு பச்சைத் தண்டு தலைநீட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தண்டுக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. நாலு மாதம் என்ன செய்தும் அசையாத கோஸ், இப்போது நாளுக்கு ஒரு சாண் ஏறியது. சிலும்பனைத் தாண்டியது, சாமந்தியைத் தாண்டியது, வேலிக்கு மேலே எட்டிப்பார்த்தது. கிளைவிட்டது. ஒவ்வொரு கிளையிலும் அரிசி அரிசியாக மொட்டு கட்டியது. சிலும்பன் ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்ச் சேதி சொன்னான்.

சித்திரை மாதம், மொட்டுகள் அவிழ்ந்த அன்று, வானம் கறுத்து நின்ற மதியத்தில், ஊசிமுத்து மருக்கொழுந்துவோடும் சொந்தபந்தம் நாற்பத்துமூன்று பேரோடும் வந்து சேர்ந்தார். எல்லோரும் ராத்திரியிலிருந்தே பட்டினி. பந்தி பூவுக்குள் என்பதால் யாரும் எதையும் தின்றுவிட்டு வரவில்லை.

வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உயரத்தில், நாலே நாலு இதழோடு, கடுகுப்பூ மாதிரி மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூக்கள். இதழுக்கு நாலு பேர் என்று கணக்குச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பூவில் ஒரு எறும்பு உட்காரலாம், அதுவும் ஒடுங்கி உட்கார்ந்தால்.

ஊசிமுத்துவின் முகம் சிறுத்துப்போனது. "இது பூவே இல்லை" என்றார்.

மொட்டு விரிந்தால்தான் பூ, இது பிளந்திருக்கிறது, உள்ளே புகுந்த ஏதோ ஒரு களை முளைத்து வெளியே வந்திருக்கிறது என்று வாதம் பண்ணினார். தூரத்தில் இடி உருண்டது. இவர் பேசிமுடிப்பதற்குள் ஒரு துளி விழுந்தால் போதும், எல்லாம் போயிற்று. வாலாயுதம் எங்கிருந்தோ வந்து, இது தன் வைத்தியத்தில் பூத்த பூதான், நாடி பார்த்து நிரூபிக்கிறேன் என்று தண்டில் ஏறப்போனார். நாற்பத்துமூன்று பேரும் முள்ளை விரித்ததும் இறங்கிக்கொண்டார்.

மருக்கொழுந்து யாரையும் கேட்கவில்லை. பூவைச் சுற்றி அவசர அவசரமாகப் பறந்துகொண்டிருந்த ஒரு தேனீயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது பூவா, களையா?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது. தேன் இருக்கு. மழை வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போகணும், வழியை விடு" என்றது தேனீ.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தேன் இருந்தால் பூதான் என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஊசிமுத்து கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பூவாகவே இருக்கட்டும், இவ்வளவு சின்னப் பூவுக்கெல்லாம் தன் மகளைக் கொடுக்க முடியாது என்றார்.

"அப்பா, பூக்கிற நாள்ல கல்யாணம்கறதுதான் முறை. எவ்வளவு பெரிசாப் பூக்கும்னு முறையில இல்லை. செடியைக் கைகாட்டினதும் நீங்கதான்" என்றாள் மருக்கொழுந்து.

ஊசிமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பசியோடு தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். இவர்களை நாளைக்கு மறுபடி அழைத்து வருவது முடியாத காரியம் என்று அவருக்குப் பட்டது.

"சரி, நடக்கட்டும்" என்றார்.

அடுத்த மூச்சு விடுவதற்குள் அவர் மூக்கின்மேல் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. பிறகு வானமே கொட்டியது. நாற்பத்துமூன்று முள்ளம்பன்றிகளும் சிலும்பனுடைய ஒற்றை வளைக்குள் ஒரே நேரத்தில் புகுந்தன. உள்ளே கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது அழுத சத்தம் கேட்டது உண்மை. ஆனந்தக் கண்ணீர் எது, முள் குத்தி வந்தது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மழை நின்றபிறகு கோஸில் பூக்கள் உதிர்ந்து காய் பிடித்தது. காய்க்குள் கடுகு மாதிரி விதை முற்றியது. விதை முற்ற முற்ற இலை மஞ்சளானது, தண்டு காய்ந்தது. கோஸின் வழக்கம் அது. முதலில் ஒரு காலம் முழுக்கத் தின்று கொழுத்து இலையைச் சேர்த்துவைக்கும். பிறகு வாரக்கணக்கில் குளிரில் நிற்கும். அந்தக் குளிர் உடம்பில் இறங்கினால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும். ஒருமுறை பூத்துக் காய்த்ததும் அதன் ஆயுசு முடிந்தது.

ஆடி மாதக் காற்றில் காய்ந்த தண்டு சாய்ந்து விழுந்தது. விதைகள் வாசலெல்லாம் சிதறின. சிலும்பனும் மருக்கொழுந்துவும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சிலும்பனுக்கு மனசு பாரமாக இருந்தது. ஒரு காலத்தில் செல்லம் என்று கூப்பிட்ட கோஸ் அல்லவா.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே" என்றாள் மருக்கொழுந்து. "அன்னைக்கு அது சாகணும்னுதான் நான் போர்வையை எடுத்தேன்."

சிலும்பன் சிதறிக்கிடந்த விதை ஒன்றைக் காலால் மண்ணுக்குள் தள்ளினான்.

"அது வாழணும்னுதான் நான் போர்த்தினேன்" என்றான்.

பூக்க வேண்டிய எதற்கும் அதனதன் குளிர்காலத்தைத் தானே நின்று கடக்க இடம் விட வேண்டும்; பாசத்தால் அதைப் பொத்தி வைக்கிறவர், வெறுத்துத் தள்ளுகிறவரைவிட அதற்குப் பெரிய தடையாகிவிடக்கூடும்.